அனுமாருக்குப் பக்கத்தில் காளி

ஆவுடையப்பனுக்கு வயது அறுபத்தொன்று. அவருடைய குரு செண்பகவல்லிக்கு இருபத்தெட்டு. இந்தக் கதையில் தாடி, காவி, ஆற்றங்கரை எதுவும் கிடையாது. அதையெல்லாம் எதிர்பார்த்து வந்தவர்கள் இப்போதே எழுந்து போய்விடலாம், வருத்தமில்லை.

குருகுலம் என்பது ஒரு தகரக் கொட்டகை. சிப்பிக்கரை கடல்காத்த அம்மன் கோயில் திருவிழாவில், கூட்டத்தில் தவறிப்போன பிள்ளைகளைப் பெற்றவர்களிடம் சேர்ப்பதற்காகப் போட்ட கொட்டகை. உள்ளே ஒரு மேசை, ஒரு கம்ப்யூட்டர், ஒரு மைக் செட், மனசு வந்தால் மட்டும் சுற்றுகிற ஒரு மின்விசிறி.

செண்பகவல்லி புரோகிராம் எழுதுகிறவள். டவுனில் சின்னதாக ஒரு வகுப்பும் நடத்துகிறாள். ஆவுடையப்பன் ரயில் தபாலில் கடிதம் பிரித்தே தலை நரைத்தவர். ஓய்வு பெற்ற கையோடு அவள் வகுப்பில் வந்து முதல் பெஞ்சில் உட்கார்ந்தார். பக்கத்துப் பிள்ளைகள் சிரித்தார்கள். அவர் கண்டுகொள்ளவே இல்லை.

அவர் அவளை டீச்சர் என்பார். அவள் அவரை அண்ணாச்சி என்பாள். யாருக்கு யார் குரு என்று பார்க்கிறவர்கள் குழம்புவார்கள். அவர்கள் இரண்டு பேருக்கும் அந்தக் குழப்பம் இல்லை.

திருவிழாவைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லிவிட வேண்டும். சிப்பிக்கரைக்கு நேர்ந்துகொண்டவர்கள் வேஷம் கட்டி வருவார்கள். காளி, அனுமார், கரடி, ராஜா, குறத்தி, போலீஸ், எல்லாம் உண்டு. பிள்ளைகளுக்கும் கட்டிவிடுவார்கள். அன்று கடற்கரையில் திரும்பின பக்கமெல்லாம் காளிதான்.

கடற்கரை நெடுக எட்டுக் கொட்டகைகள். தனியாக அழுதுகொண்டு நிற்கும் பிள்ளையை யாராவது பக்கத்துக் கொட்டகையில் கொண்டு விடுவார்கள். அங்கே இருப்பவர்கள் பெயர், வயது, வேஷம், இடம், நேரம், அடையாளம் எல்லாம் கேட்டு, பார்த்து, ஒரு போட்டோவும் எடுத்து, போனிலேயே பதிவார்கள். அது அடுத்த நொடி நடுக் கொட்டகையில் ஆவுடையப்பன் முன்னால் ஸ்க்ரீனில் வந்து நிற்கும்.

அந்த ஸ்க்ரீனில் வருகிற அட்டவணையை எழுதியது ஆவுடையப்பன்தான். அவர் சொந்தமாக எழுதிய முதல் புரோகிராம். பிள்ளைகளின் பெயரை அகர வரிசையில் அடுக்கியிருந்தார். அ, ஆ, இ, ஈ என்று பிசகாமல் இறங்கி வந்தது. காலையில் ஏழு மணிக்கே வந்து உட்கார்ந்து, அதை மேலும் கீழும் ஓட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். சந்தோஷத்தில் காபி ஆறிப்போனது தெரியவில்லை.

செண்பகவல்லி வந்து பின்னால் நின்று பார்த்தாள்.

"நல்லா வந்திருக்கு அண்ணாச்சி."

"எல்லாம் நீங்க சொல்லிக் குடுத்ததுதான் டீச்சர்."

"ஒண்ணே ஒண்ணு சேருங்க. மேல தலைப்பு இருக்குல்லா? பேரு, வயசு, வேஷம், இடம், நேரம், அடையாளம். எதை அமுக்குனாலும் பட்டியல் அந்த வரிசைக்கு மாறணும்."

"யாரு அமுக்குனா?"

"யாரு அமுக்குனாலும்."

ஆவுடையப்பனுக்குச் சுருக்கென்றது. தபால் பிரிக்கிற பெட்டியில் ஒரு கடிதத்துக்கு ஒரு தட்டுதான். திருச்செந்தூர் கடிதத்தை வந்தவர் போனவரெல்லாம் எடுத்துத் தென்காசித் தட்டில் போட விட்டால் என்ன ஆகும் என்று அவருக்குத் தெரியும்.

"டீச்சர், நான் ஒண்ணு கேக்கலாமா?"

"கேளுங்க."

"கஷ்டப்பட்டு அடுக்கி வெச்சிருக்கேன். வாரவன் போறவன் எல்லாம் தொட்டு மாத்துனா, கலைஞ்சு போயிராதா?"

அவள் கொட்டகைக்கு வெளியே போனாள். பனைமரத்து நிழலில் ஒரு வேஷக் குழு இட்லி தின்றுகொண்டிருந்தது. ஒரு கரடி, ஒரு ராஜா, ஒரு போலீஸ், ஒரு குறத்தி, ஒரு காளி. எல்லோரும் ஆண்கள்தான்.

"அண்ணே, சாப்பிட்டு முடிச்சிட்டீங்கன்னா ஒரு உதவி. உயர வரிசையில நிக்கீங்களா?"

என்ன ஏது என்று கேட்காமல் நின்றார்கள். திருவிழாவில் யாரும் எதற்கும் காரணம் கேட்பதில்லை. குறத்திதான் எல்லோரிலும் உயரம்.

"இப்ப வயசு வரிசையில."

கரடி முதலில் போய் நின்றார். குறத்தி பின்னால் போனார்.

"இப்ப, யாருக்கு முதல்ல கல்யாணம் ஆச்சோ அந்த வரிசையில."

ஒரே சிரிப்பு. ராஜா கிரீடத்தைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு கடைசியில் போய் நின்றார். அவருக்கு இன்னும் பெண் பார்க்கிறார்களாம்.

செண்பகவல்லி ஆவுடையப்பனைப் பார்த்தாள். "எண்ணுங்க அண்ணாச்சி."

"அஞ்சு பேரு."

"முதல்ல எத்தன பேரு?"

"அஞ்சுதான்."

"கரடி குறத்தியா மாறிட்டாரா?"

"இல்ல."

"ராஜா எங்கயும் தொலைஞ்சு போயிட்டாரா?"

"இல்ல டீச்சர்."

அவள் எல்லோருக்கும் நன்றி சொல்லிவிட்டு உள்ளே போனாள். ஆவுடையப்பன் மரியாதைக்காக இன்னும் கொஞ்ச நேரம் நின்றார். காளி வேஷக்காரரிடம், "தம்பி பேரு என்ன?" என்று கேட்டார்.

"காளி."

"இல்ல, சொந்தப் பேரு."

அவர் ராஜாவைக் கை காட்டினார். ராஜாதான் பதில் சொன்னார். "வேஷத்துல இருக்கையில சொந்தப் பேரச் சொல்லக் கூடாது சார். விரதம்லா. யாரு கேட்டாலும் சாமி பேருதான்."

"ஓ, அப்படியா," என்றார் ஆவுடையப்பன். நல்ல பழக்கம் என்று நினைத்துக்கொண்டார். அதற்கு மேல் அவருக்கு அதில் எதுவும் தோன்றவில்லை. எனக்கும் உங்களுக்கும் தோன்றியிருக்குமா என்ன?

உட்கார்ந்து, குரு சொன்ன புரோகிராம் வரிகளை எழுதினார். தலைப்பை அமுக்கினால் வரிசை மாறும். ஒருமுறை ஓட்டிப் பார்த்தார். மாறியது. தன் அகர வரிசை அலுங்கிக் குலுங்கி வேறு வரிசையாக நின்றதைப் பார்க்க அவருக்குப் பொறுக்கவில்லை. ஒரு வரியின் முன்னால் இரண்டு சாய்கோடு போட்டால், கம்ப்யூட்டர் அந்த வரியைப் படிக்காமல் தாண்டிப் போய்விடும். அதைப் போட்டார். தலைப்புகள் வாயடைத்துப் போயின.

குரு சொன்னதைச் செய்யவில்லை என்று சொல்ல முடியாது. செய்ததை ஓடவிட்டார் என்றும் சொல்ல முடியாது. மனிதர் அப்படியொரு சாமர்த்தியசாலி.

காலை வேட்டு ஒன்பதே முக்காலுக்குப் போட்டார்கள். கடலே அதிர்ந்தது. அதற்குப் பிறகுதான் கூட்டம் பிய்த்துக்கொண்டு வந்தது. கொட்டகைக்குக் கொட்டகை பிள்ளைகள் வந்து குவிந்தார்கள். ஸ்க்ரீனில் வரிகள் ஏறிக்கொண்டே இருந்தன. பெற்றவர்கள் வந்து பெயர் சொல்லுவார்கள். ஆவுடையப்பன் ஓட்டிப் பார்த்து, "நாலாம் கொட்டகை, ஓடுங்க," என்பார். அவர்கள் அழுதுகொண்டே சிரித்துக்கொண்டு ஓடுவார்கள். அவருக்குத் தன் வரிசையைப் பற்றி நெஞ்சு நிமிர்ந்தது.

பத்தரை தாண்டியதும் ஒரு பெண் வந்தாள். வரும்போதே செருப்பு ஒன்றுதான் இருந்தது. பெயர் சுடலைவடிவு. கையில் ஒரு சின்ன நீல நிற பம்ப்பை இறுக்கிப் பிடித்திருந்தாள்.

"சார், எம் பிள்ள. பொம்பளப்பிள்ள. ஓவியான்னு பேரு."

ஆவுடையப்பன் 'ஓ' வரைக்கும் போனார். ஒருவரும் இல்லை.

"இன்னும் வரலியேம்மா. கொஞ்ச நேரம் இருங்க, வந்துருவா."

"கொஞ்ச நேரம் இருக்க முடியாது சார். அவளுக்கு மூச்சிழுப்பு உண்டு. புகை பட்டா வந்துரும். மருந்து எங்கிட்டல்லா இருக்கு!"

பம்ப்பை அவர் முகத்துக்கு நேரே நீட்டினாள். கடற்கரை முழுக்கச் சாம்பிராணிப் புகை. ஆவுடையப்பன் மைக்கைப் பிடித்தார்.

"ஓவியா... ஓவியா... ஓவியா என்ற பெண் குழந்தை எந்தக் கொட்டகையில் இருந்தாலும் உடனே தகவல் தரவும்."

எட்டுக் கொட்டகையிலிருந்தும் போன் வந்தது. ஓவியா என்று யாரும் இல்லை.

"கடலுக்குப் போயிட்டாளோ," என்றாள் சுடலைவடிவு. சொன்னதும் அவளே பயந்துபோனாள். "யம்மா, கடலுக்குப் போயிட்டாளே!" என்று கத்திக்கொண்டு வெளியே ஓடினாள்.

வாசலில் செண்பகவல்லி எதிரே வந்தாள். மூன்றாம் கொட்டகையில் நெட் வரவில்லை என்று சரிசெய்துவிட்டு வேர்த்து விறுவிறுத்து வந்துகொண்டிருந்தாள். ஓடுகிறவளின் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"அக்கா, நில்லுங்க. பிள்ளைக்கு என்ன வேஷம் கட்டினீய?"

"காளி."

"பேரு கேட்டா என்ன சொல்லுவா?"

சுடலைவடிவு அவளையே பார்த்தாள்.

"காளின்னுதான் சொல்லுவா. செத்தாலும் ஓவியான்னு சொல்ல மாட்டா. நாந்தான் சொல்லிக் குடுத்தேன். நாந்தான்!"

ஆவுடையப்பன் உடனே 'கா'வுக்குப் போனார். காளி. காளி. காளி. காளி. ஓட்ட ஓட்டக் காளி. முப்பதுக்கு மேல் இருக்கும். எட்டுக் கொட்டகையிலும் காளி இருந்தாள். போட்டோவைத் திறந்தார். முகம் முழுக்கக் கறுப்புச் சாயம், வெளியே தொங்கும் சிவப்பு நாக்கு. எல்லாம் ஒரே அச்சு.

"இதுல உங்க பிள்ள எதும்மா?"

"தெரியலியே சார். எம் பிள்ளையே எனக்குத் தெரியலியே!"

வயதைப் பார்த்தார். பிள்ளை ஒழுங்காகச் சொல்லாததால் பார்த்தவர்கள் உத்தேசமாகப் போட்டிருந்தார்கள். மூன்று, நான்கு, ஐந்து. மைக்கில், இழுப்பு உள்ள காளி எங்கே என்று கேட்டதற்கும், அப்படி யாரும் இல்லை என்றே தகவல் வந்தது. எட்டுக் கொட்டகைக்கும் போன் போட்டு ஒவ்வொரு காளியாக விசாரிக்கலாம் என்றால் அதற்குள் என்ன ஆகுமோ. பிள்ளை எங்கேயோ ஒரு மூலையில் மூச்சுக்குத் திணறிக்கொண்டிருக்கிறது. அது எந்த மூலை என்பது இந்த ஸ்க்ரீனுக்குள்தான் இருக்கிறது. கண்ணுக்கு முன்னால் இருப்பதை எடுக்கத் தெரியாமல் காளி வரிகளை மேலும் கீழும் ஓட்டினார்.

செண்பகவல்லி ஸ்க்ரீனைப் பிடித்து சுடலைவடிவு பக்கம் திருப்பினாள். மவுஸை நகர்த்தி அவள் கைக்குக் கீழே வைத்தாள்.

"டீச்சர், அவுகளுக்கு இது எப்படி..."

"பிள்ள அவுக பிள்ள, அண்ணாச்சி."

பிறகு அவர் பக்கம் குனிந்து மெதுவாகச் சொன்னாள். "அந்த ரெண்டு கோட்டையும் எடுங்க."

அவளுக்கு எப்போது தெரிந்தது, எப்படித் தெரிந்தது என்று அவர் கேட்கவில்லை. முகம் சிவக்க, கோடுகளை அழித்தார். தலைப்புகளுக்கு உயிர் வந்தது.

"அக்கா, பிள்ளைய எப்பத் தவற விட்டீய?"

"மணி பாக்கலம்மா. வேட்டுப் போட்டாவல்லா, அப்ப எங்கையப் பிடிச்சிட்டு நின்னா. பயந்து காதப் பொத்துனா. பெறவு திரும்பிப் பாக்கேன், காணல."

"அப்ப நேரத்த அமுக்குங்க."

சுடலைவடிவு அமுக்கினாள். வரிகள் குதித்து இடம் மாறின. முதலில் பத்து மணிப் பிள்ளைகள் வந்தார்கள். 10:02 ஒரு காளி. 10:05 ஒரு காளி. 10:11 ஒரு காளி. அவள் ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தாள். கறுப்புச் சாயம், சிவப்பு நாக்கு. கீழே போனாள். 10:38-க்கு அடுத்து 7:15 வந்தது.

"அண்ணாச்சி, பத்து மணிக்குப் பிறகு ஏழு மணி வருது."

ஆவுடையப்பன் எட்டிப் பார்த்தார். தலையில் அடித்துக்கொண்டார்.

"நேரத்த எழுத்தா வெச்சிட்டேன் டீச்சர்! பத்து ஒண்ணுல ஆரம்பிக்கில்லா, அதான் ஏழுக்கு முன்னால போய் நிக்கி. எண்ணா மாத்தியிருக்கணும்!"

"இப்ப மாத்துங்க."

"நீங்க மாத்துங்க டீச்சர், நான் அடிச்சா நேரமாகும்."

அவள் கீபோர்டைத் தொடவில்லை. கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். அவருக்கு அவள்மேல் கோபம்கூட வந்தது. பிள்ளை சாகக் கிடக்கிறது, இவள் பாடம் நடத்துகிறாளே என்று. ஆனால் விரல்கள் அதற்குள் வேலையைத் தொடங்கியிருந்தன. ஒரு வரி. அடித்தார், பிழை என்றது. அழித்து மறுபடி அடித்தார். அடைப்புக்குறி ஒன்று விட்டுப்போயிருந்தது. போட்டார். ஓட்டினார்.

"அமுக்கும்மா!"

சுடலைவடிவு அமுக்கினாள்.

7:15 மேலே போய் நின்றது. எட்டு மணிப் பிள்ளைகள் அதன் கீழே. அப்புறம் ஒன்பது. அவள் 9:45-ஐத் தேடிப் பிடித்தாள். வேட்டுப் போட்ட நேரம். அங்கிருந்து விரலை ஸ்க்ரீனில் வைத்து ஒவ்வொரு வரியாக இறங்கினாள். 9:47 முருகன். 9:52 கரடி. 9:55 குறத்தி. 9:58...

விரல் நின்றது.

9:58. அனுமார். எட்டு வயது. வடக்கு முனைக் கொட்டகை. அடையாளம்: இடது கையில் மாவுக்கட்டு.

"வசீகரன்!" என்று அலறினாள். கொட்டகையே திரும்பிப் பார்த்தது. "கையில கட்டு! எங்க அக்கா மவன் சார்! போன வாரம் மரத்துலருந்து விழுந்து கைய முறிச்சான். அவன் அவுக அப்பா கூடல்லா இருக்கான்னு நெனச்சேன்! அவன் போனாம்னா இவளும் வாலப் பிடிச்சிட்டே போயிருப்பா!"

அடுத்த வரி 10:02. காளி. நான்கு வயது. வடக்கு முனைக் கொட்டகை.

அதே கொட்டகை. ஒன்றின் கீழ் ஒன்று, ஒட்டிக்கொண்டு நின்றன.

"அவதான்! அவதான் சார், எம் பிள்ளதான்!"

ஆவுடையப்பன் போனைப் போட்டார். மணி அடித்துக்கொண்டே இருந்தது. "எடு, எடுய்யா, எடு!" என்று மேசையைக் குத்தினார். எடுத்தார்கள்.

"வடக்கு முனையா? பத்து ரெண்டுக்கு ஒரு காளி வந்துச்சுல்லா, சின்னப் பிள்ள. எப்படி இருக்கு?"

"நல்லா இருக்கு சார். அருள் வந்திருக்கு."

"என்னது?"

"அருள் சார். சாமி வந்திருக்கு. மூச்சு புஸ்ஸு புஸ்ஸுன்னு வாங்குது. நெஞ்சு ஏறி ஏறி இறங்குது. பொம்பளைங்க எல்லாம் சுத்தி நின்னு கும்பிடுதாவ. இப்பத்தான் சாம்பிராணி போட்டோம்."

"யோவ்!" என்றார் ஆவுடையப்பன். ரயில் தபாலில் அத்தனை வருஷத்தில் அவர் அப்படிக் கத்தியதே இல்லை. "அருளும் இல்ல, ஒண்ணும் இல்ல! பிள்ளைக்கு இழுப்புய்யா! சாம்பிராணிய எடுத்து வெளிய எறி! கூட்டத்த விலக்கு, காத்து வரட்டும்! ஆம்புலன்ஸ் எங்க நிக்கு?"

"இங்கதான் சார், வாசல்ல."

"டாக்டரக் கூப்பிடு! ஓடு! போன வைக்காத, அப்படியே ஓடு!"

செண்பகவல்லி அதற்குள் வெளியே போய் ஒரு போலீஸ்காரரைப் பிடித்திருந்தாள். நிஜ போலீஸ்தானா என்று தோளில் எண்ணைப் பார்த்து உறுதி செய்துகொண்டாளாம், பின்னால் சொன்னாள். அன்றைக்கு அதுவும் தேவைதான். சுடலைவடிவு அவருடைய பைக்கில் பின்னால் ஏறினாள். பம்ப்பை விடவில்லை. பைக் ஈரமணலில், அலை ஓரமாகவே, கூட்டத்தைச் சுற்றிக்கொண்டு பறந்தது.

கொட்டகையில் ஆவுடையப்பன் போனைக் காதில் அழுத்திக்கொண்டிருந்தார். ஓடுகிற சத்தம் கேட்டது. யாரோ "விலகுங்க, விலகுங்க" என்றார்கள். ஏதோ பாத்திரம் உருண்டது. பிறகு எதுவும் கேட்கவில்லை. வரிசையில் நின்ற பெற்றவர்கள்கூடத் தங்கள் பிள்ளையை மறந்து அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"என்ன அண்ணாச்சி?"

"ஒண்ணும் கேக்கல டீச்சர்."

மின்விசிறி நின்றுபோயிருந்தது. யாரும் அதைத் தட்டப் போகவில்லை.

போனில் மறுபடி குரல் வந்தது.

"சார்... சார், இருக்கீங்களா?"

"இருக்கேன், சொல்லு!"

"டாக்டரு மாஸ்க் வெச்சு மருந்துப் புகை குடுத்தாரு. இப்ப மூச்சு சீரா வருதாம். அம்மா வந்துட்டாவ. பிள்ள அம்மா மடியில இருக்கு."

ஆவுடையப்பன் போனை செண்பகவல்லியிடம் நீட்டினார். அவள் அதை எல்லோருக்கும் கேட்கும்படி மைக் முன்னால் பிடித்தாள்.

"டாக்டரு பேரு கேட்டாரு. மாஸ்க்க எடுத்துட்டு, காளின்னுச்சு சார்!"

கடற்கரை முழுக்க அது கேட்டது. யாரோ குலவை போட்டார்கள். அதைக் கேட்டு இன்னொரு பக்கம் குலவை. என்ன ஏது என்று தெரியாமலே ஒரு குழு மேளத்தை அடிக்க ஆரம்பித்துவிட்டது.

"அந்த அனுமார்?" என்று செண்பகவல்லி போனில் கேட்டாள். "அவன் ஏன் இழுப்புன்னு சொல்லல?"

"அவன் எது கேட்டாலும் ராம ராமான்னு மட்டுந்தான் சொல்லுவேன்னுட்டான் அக்கா. விரதமாம். பேரக்கூட வேஷத்தப் பாத்து நாங்கதான் போட்டோம். இப்ப ஆம்புலன்ஸ்ல உக்காந்து பிஸ்கட் தின்னுட்டு இருக்கான்."

ஆவுடையப்பன் அழுதார். துண்டால் முகத்தை மூடிக்கொண்டு, தோள் குலுங்க அழுதார். அழுதுகொண்டே சிரித்தார். வரிசையில் நின்ற ஒரு பாட்டையா வந்து அவர் முதுகைத் தட்டிக் கொடுத்தார்.

"முதல் வரியிலயே இருந்தான் டீச்சர்," என்றார் துண்டுக்குள்ளிருந்து. "அனுமார்லா? 'அ'வுல ஆரம்பிக்கி. காலையிலருந்து என் கண்ணுக்கு நேரா நின்னுருக்கான். காளி எங்கயோ 'கா'வுல கிடக்கா. ரெண்டு பேரையும் நானே பிரிச்சு வெச்சிருக்கேன்!"

அவள் தண்ணீர் பாட்டிலைத் திறந்து அவர் கையில் கொடுத்தாள். அவர் மடமடவென்று குடித்தார். பாதி சட்டையில் சிந்தியது. குடித்து முடித்ததும் அவருக்குள் வேறொரு வேகம் வந்துவிட்டது. நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். கண் பளபளத்தது.

"புரிஞ்சு போச்சு டீச்சர்! பேரு கீரெல்லாம் சும்மா. நேரந்தான்! எந்தப் பிள்ள எந்தப் பிள்ள கூட வந்துச்சுன்னு நேரந்தான் காட்டும். இப்பவே மாத்திருதேன். பக்கத்தத் தொறந்ததும் நேர வரிசைதான் வரணும். எட்டுக் கொட்டகையிலயும் அதான். அடுத்த வருசத்துக்கும் அதான். இதுக்கு மேல ஒரு வரிசை எங்கயும் கிடையாது!"

செண்பகவல்லி அவர் தட்டுவதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். கீபோர்டு சத்தம் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தது. கடைசியில் நின்றது. அவர் திரும்பிப் பார்த்தார்.

"ஏன் டீச்சர் பேசாம நிக்கீய? அதான சரி?"

அவள் வாசல் பக்கம் பார்த்தாள்.

"அப்ப எதத்தான் முதல்ல வைக்கச் சொல்லுதீய?"

வாசலில் கூட்டம் விலகியது. பிள்ளையைத் தொலைத்த இன்னொரு தகப்பன், வேட்டியை மடித்துக் கட்டியபடி, முகத்தில் பாதி சாயம் கலைந்து வழிய, எல்லோரையும் இடித்துத் தள்ளிக்கொண்டு வந்துகொண்டிருந்தார்.

செண்பகவல்லி ஸ்க்ரீனை வாசல் பக்கமாகத் திருப்பி வைத்தாள்.

"அந்தா ஓடி வாராருல்லா அண்ணாச்சி, அவருக்குத்தான் தெரியும்."